அஃபிலியேட் இணையதளம் வழியே வருமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் விற்கும் பொருளைத் தம் இணையதளத்தில் பரிந்துரைத்து, அந்தப் பரிந்துரையின் வழியே நடக்கும் விற்பனையில் கமிஷன் பெறும் அஃபிலியேட் முறையைப் பற்றி, தொடங்க நினைப்பவர்களும் தொடங்கிச் சில மாதங்களில் சோர்ந்துபோனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எழுதும் ஆர்வமும், ஒரு பொருளைப் பொறுமையாக ஆராயும் குணமும் உள்ளவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அடுத்த வாரமே பணம் வேண்டும் என்பவர்களுக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

இந்தப் பணம் உண்மையில் யாரிடமிருந்து வருகிறது?

விற்பவரிடமிருந்து வருகிறது. ஒரு நிறுவனம் விளம்பரத்துக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, விளம்பரம் வெளியானதற்காகத் தராமல், விற்பனை முடிந்த பிறகு மட்டும் தருகிறது. விற்பனை நடக்காவிட்டால் அதற்குச் செலவே இல்லை என்பதால்தான் முன்பின் தெரியாதவர்களையும் இத்திட்டங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். இணையத்தில் இம்முறை புதிதன்று. இசைத்தட்டுகளை விற்ற சிடிநவ் நிறுவனம் 1994-லேயே இதைச் செய்தது. அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை 1996 ஜூலையில் தொடங்கிய பிறகு இது பரவலானது.

விற்பனைக்குக் கமிஷன் தருவது பொதுவான வடிவம். விண்ணப்பம் நிரப்புதல், இலவசச் சோதனைக்குப் பதிவு செய்தல் போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட தொகை தருவது இன்னொரு வடிவம். மென்பொருள், ஹோஸ்டிங் (இணையதளத்தை வைத்திருக்க இடம் தரும் சேவை) போன்ற சந்தாச் சேவைகளில், வாடிக்கையாளர் சந்தா கட்டும் காலம் முழுவதும் மாதந்தோறும் பங்கு தரும் திட்டங்களும் உண்டு.

விற்பவரிடம் கமிஷன் வாங்கும் வீட்டுத் தரகர் வாங்குபவரிடம் உண்மை பேசினால்தான் அடுத்த ஆள் அவரைத் தேடி வருவார் என்பது இத்தொழிலுக்கும் பொருந்தும். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

நான் அனுப்பியவர்தான் வாங்கினார் என்பது கடைக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தரப்படும் இணைப்பைக் கவனித்தால், பொருளின் முகவரி முடிந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியும், அதன் பின்னே உங்களுக்கே உரிய அடையாளக் குறியீடும் இருப்பதைக் காணலாம். வாசகர் அதைச் சொடுக்கியதும் அவருடைய உலாவியில் குக்கி எனப்படும் சிறு குறிப்பு பதிவாகிறது. அந்தக் குறிப்பு உயிரோடு இருக்கும் காலத்துக்குள் அவர் வாங்கினால் கமிஷன் உங்கள் கணக்கில் சேரும். அந்தக் காலம் திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். அமேசானில் அது 24 மணி நேரம் மட்டுமே. அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் கெடு நீளும். 30, 60, 90 நாள் தரும் திட்டங்களும் இருக்கின்றன. அமேசானின் குறுகிய கெடுவுக்கு ஓர் ஈடு உண்டு: உங்கள் இணைப்பின் வழியே போனவர் நீங்கள் பரிந்துரைத்ததை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கினாலும் பெரும்பாலும் கமிஷன் கிடைக்கும்.

பெரும்பாலான திட்டங்களில் கடைசியாகச் சொடுக்கப்பட்ட இணைப்புக்கே முழுக் கமிஷனும் போகிறது. நீங்கள் மூவாயிரம் சொற்களில் விளக்கி ஒருவரை முடிவெடுக்க வைத்திருப்பீர்கள். அவர் பணம் கட்டும் நேரத்தில் தள்ளுபடிக் கூப்பன் தேடி வேறொரு தளத்தின் இணைப்பைச் சொடுக்கினால் கமிஷன் அங்கே போய்விடும். இது நியாயமற்ற ஏற்பாடு என்பதே என் கருத்து. ஆனால் விதி அதுதான் என்று தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். இதோடு, ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் பிற தளங்களின் குக்கிகளை முழுமையாகத் தடுக்கிறது. இதனால், கடைகளையும் பரிந்துரைப்பவர்களையும் இணைக்கும் பல நெட்வொர்க்குகள் கடையின் சர்வரே நேரடியாகக் கணக்குச் சொல்லும் முறைக்கு மாறியுள்ளன. ஒரு திட்டத்தில் சேரும் முன் அதன் கண்காணிப்பு முறை எது என்று கேட்டு அறிவது வீண் வேலை அன்று.

மாதம் எவ்வளவு கிடைக்கும்?

இதற்கு எண் ஒன்றைப் பதிலாகச் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்க வந்தவராகத்தான் இருப்பார். கணக்கிடும் முறையைச் சொல்லலாம். கற்பனையாக ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 8 சதவீதம் பேர் இணைப்பைச் சொடுக்குகிறார்கள் என்றால் 800 சொடுக்குகள். அவற்றில் 4 சதவீதம் விற்பனையாக முடிந்தால் 32 விற்பனைகள். பொருளின் சராசரி விலை 60 டாலர், கமிஷன் 3 சதவீதம் என்றால் ஒரு விற்பனைக்கு 1.80 டாலர்; மொத்தம் 57.60 டாலர். பத்தாயிரம் பேரை வரவழைக்கப் பட்ட பாட்டை நினைத்தால் இது சொற்பம்.

அதே 800 சொடுக்குகள் 300 டாலர் பொருளுக்குச் சென்று அதே விகிதத்தில் விற்றால் 288 டாலர். ஒரு வாடிக்கையாளருக்கு 50 டாலர் தரும் சந்தாச் சேவைக்குச் சென்று, 1 சதவீதம் பேர் மட்டுமே சேர்ந்தால்கூட 400 டாலர். வருகையாளர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க ஓராண்டு உழைப்பதைவிட, எதைப் பற்றி எழுதுவது என்று முதல் மாதத்தில் சரியாக முடிவெடுப்பது அதிகப் பலன் தரக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் மொத்த வருகையைவிட, ஒரு சொடுக்குக்குச் சராசரியாக எவ்வளவு வருகிறது என்பதைத் தனியே குறித்து வைக்கிறார்கள். முதல் எடுத்துக்காட்டில் அது 7 சென்ட்டைச் சற்றே தாண்டுகிறது. கடைசி எடுத்துக்காட்டில் 50 சென்ட்.

எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது?

மேலே உள்ள கணக்கைப் பார்த்துவிட்டுப் பலர் உடனே கடன் அட்டை, காப்பீடு, உடல் எடைக் குறைப்பு என்று ஓடுகிறார்கள். கமிஷன் அதிகம் உள்ள இடத்தில் பெருநிறுவனங்களின் தளங்களும் நிற்கின்றன என்பதோடு, பணம், உடல்நலம் தொடர்பான பக்கங்களின் நம்பகத்தன்மைக்குக் கூகுள் கூடுதல் எடை தருகிறது. நிதியிலோ மருத்துவத்திலோ பின்புலம் இல்லாதவர் அங்கே இடம் பிடிப்பது மிகக் கடினம். பிடித்தாலும், தவறான அறிவுரையால் ஒருவருக்கு நேரும் கேடு சாதாரணமானதன்று.

நீங்கள் ஏற்கெனவே கையாளும் கருவிகள், பிறர் உங்களிடம் யோசனை கேட்கும் விஷயங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே நல்லது. துறை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகத் தொடக்கம் அமையும். ‘கேமராக்கள்’ என்பது அகலம். ‘பறவைகளைப் படம் எடுப்பவர்களுக்கான லென்ஸும் முக்காலியும்’ என்பது ஒருவர் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு.

நல்ல பரிந்துரைக் கட்டுரைக்கும் வெற்றுக் கட்டுரைக்கும் என்ன வேறுபாடு?

தையல் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வெற்றுக் கட்டுரை இப்படிப் போகும்: இந்த எந்திரத்தில் 27 வகைத் தையல்கள் உள்ளன, எடை குறைவு, விளக்கு உண்டு, வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள். இவை அனைத்தும் கடையின் பக்கத்திலேயே இருக்கின்றன. வாசகர் அதைப் படித்துவிட்டுத் தயக்கம் தீராமல்தான் தேடி வந்திருக்கிறார். அவருடைய தயக்கம் வேறு: வீட்டில் ஜீன்ஸின் நீளத்தைக் குறைத்துத் தைக்க இந்தச் சிறு எந்திரம் தாங்குமா?

இதற்குப் பதில் சொல்ல ஒருவர் ஜீன்ஸை எடுத்துத் தைத்துப் பார்த்திருக்க வேண்டும். அடிமடிப்பு, பக்கத் தையலைக் கடக்கும் இடத்தில் துணியின் அடுக்குகள் குவிந்து மேடாகிவிடும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் அங்கே முன்பக்கம் தூக்கிக்கொள்ள, தையல் விட்டுவிட்டு விழும் அல்லது ஊசி உடையும். மெல்லிய 70/10 ஊசியை எடுத்துவிட்டு டெனிமுக்கான தடித்த 100/16 ஊசியைப் போட்டால் எந்திரம் அந்த மேட்டைக் கடந்ததா, ஃபுட்டின் பின்னே மடித்த அட்டை ஒன்றை வைத்துச் சமப்படுத்திய பிறகுதான் கடந்ததா, அப்போதும் மோட்டார் முனகி நின்றதா, கைச்சக்கரத்தைத் திருப்பித்தான் தாண்ட வேண்டியிருந்ததா என்று எழுதி, தையலின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் அதுவே கட்டுரை. ‘மாதம் ஒரு முறை ஜீன்ஸ் தைப்பவருக்கு இது போதும், வாரந்தோறும் தைப்பவர் இதை வாங்க வேண்டாம்’ என்ற முடிவையும் அதனால்தான் எழுத முடிகிறது. ‘வாங்க வேண்டாம்’ என்ற அந்தச் சொற்கள் சில விற்பனைகளைக் கெடுக்கும். ஆனால் அவை இல்லாத பக்கத்தை விவரம் தெரிந்த வாசகர் விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவார்.

கூகுள் 2021 ஏப்ரலில் பொருள் மதிப்புரைகளுக்கென்றே தனி மாற்றம் ஒன்றைத் தன் தேடலில் கொண்டுவந்தது. எழுதியவர் பொருளைப் பயன்படுத்தியதற்குப் படங்களும் அளவீடுகளும் சான்றாக இருக்க வேண்டும், நிறைகுறைகள் இரண்டும் சொல்லப்பட வேண்டும், வாங்க ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளின் இணைப்பு இருந்தால் நன்று என்று அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. 2011-இல் தொடங்கிய வயர்கட்டர் தளம் இப்படிச் சோதித்து எழுதியே பெயர் பெற்றது. 2016-இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது.

பொருளைக் கையால் தொடாமல் எழுதலாமா?

எழுதலாம், தொட்டதாகச் சொல்லக் கூடாது. பல பொருள்களின் விவரங்களைத் தொகுத்து ஒப்பிடுவது, பயன்படுத்தியவர்கள் சொல்லும் குறைகளில் எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று ஆராய்ந்து சொல்வது ஆகியவையும் உழைப்புதான். ‘இது நேரடிச் சோதனை அல்ல’ என்று மேலேயே எழுதிவிட்டால் போதும். இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டும் மதிப்புரைகளைத் தடை செய்யும் விதியை அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்து, அது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இது நேர்மையோடு மட்டும் நிற்கும் விஷயம் அன்று.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூற்றுக்கணக்கில் கட்டுரைகளை உருவாக்கினால் என்ன?

தேடல் முடிவுகளில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை, அதை மனிதர் செய்தாலும் எந்திரம் செய்தாலும், கூகுள் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது. அது ஒருபுறம் இருக்க, எந்திரம் தொகுத்துத் தரக்கூடிய பதிலைத் தேடுபொறியே இப்போது தன் பக்கத்தின் உச்சியில் தந்துவிடுகிறது; அதே பதிலுக்காக உங்கள் தளம்வரை வர வாசகருக்குக் காரணம் இல்லை. எழுத்துப்பிழை திருத்தவும், அட்டவணை அமைக்கவும், குறிப்புகளை ஒழுங்குபடுத்தவும் இக்கருவிகள் உதவும். மேலே சொன்ன ஜீன்ஸ் மடிப்பை அவை தைத்துப் பார்க்கப் போவதில்லை.

தமிழில் எழுதினால் வருமானம் வருமா?

போட்டி குறைவு, வாசகரின் நம்பிக்கை விரைவாகக் கிடைக்கும் என்பவை சாதகங்கள். பொருள் வாங்கும் நோக்கத்தோடு தமிழில் தட்டச்சு செய்து தேடுபவர்கள் ஆங்கிலத்தில் தேடுபவர்களைவிடக் குறைவு என்பது பாதகம். பலர் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துவிட்டு விளக்கத்தைத் தமிழில் கேட்க விரும்புகிறார்கள். அதனால் தமிழ்த் தளம் நடத்துபவர்கள் கட்டுரையோடு காணொளியையும் சேர்த்துக்கொள்வது பயன் தருகிறது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களை ஏற்பதால், கமிஷனோடு விளம்பர வருமானத்தையும் இணைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

கமிஷன் பெறுவதை வாசகரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

ஆம். பல நாடுகளில் அது சட்டத்தின் தேவை; பெரும்பாலான திட்டங்களின் ஒப்பந்தத்திலும் நிபந்தனை. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் புதைப்பது செல்லாது. முதல் இணைப்புக்கு முன்பே, ‘இந்த இணைப்புகளின் வழியே நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். பிரிட்டனில் மார்ட்டின் லூயிஸ் 2003-இல் தொடங்கிய மணிசேவிங் எக்ஸ்பர்ட் தளம், கமிஷன் தரும் இணைப்புகளுக்கு நட்சத்திரக் குறி இட்டு, அதே சேவைக்குக் கமிஷன் தராத இணைப்பையும் வாசகருக்குத் தருவதை வழக்கமாகக் கொண்டது. அவ்வளவு வெளிப்படையாக இருந்த அந்தத் தளம் 2012-இல் அதிகபட்சம் 8.7 கோடி பவுண்டு என்ற விலைக்கு விற்கப்பட்டது. ஒளிவுமறைவு இல்லாவிட்டால் வருமானம் குறையும் என்று அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

தேடுபொறிக்கும் இதைத் தெரிவிக்க வேண்டும். இணைப்பின் நிரல்வரியில் அது விளம்பர இணைப்பு என்று காட்டும் ‘ஸ்பான்சர்ட்’ குறிப்பைச் சேர்க்கும் வசதி 2019 முதல் உள்ளது.

கணக்கு எதற்காக முடக்கப்படுகிறது?

ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒப்புதல் தந்ததால்தான் பெரும்பாலும். தன் இணைப்பின் வழியே தானே வாங்குவது, ‘இதில் வாங்கினால் கமிஷனில் பாதி உனக்கு’ என்று ஆசை காட்டுவது, கடையின் பெயரைத் தேடுபவர்களுக்குத் தன் விளம்பரம் தெரியும்படி அந்தப் பெயரையே தேடல் விளம்பரத்தில் ஏலம் எடுப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். அமேசானில், விலையைக் கையால் எழுதிவைப்பதும் விதிமீறல். விலை மாறிக்கொண்டே இருப்பதால் அவர்கள் தரும் நிரல் வழியாகத்தான் காட்ட வேண்டும். புதிய கணக்கில் 180 நாள்களுக்குள் தகுதியான மூன்று விற்பனைகள் நடக்காவிட்டால் அது மூடப்படும், மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

வாசகர் எதையும் சொடுக்காதபோதே அவருடைய உலாவியில் குக்கியைத் திணிப்பது வேறு தரத்தைச் சேர்ந்தது. ஈபே நிறுவனத்திடம் இப்படிப் பெருந்தொகை கமிஷன் பெற்ற இருவருக்கு 2014-இல் அமெரிக்க நீதிமன்றங்கள் சிறைத்தண்டனை விதித்தன.

தேடுபொறியை மட்டும் நம்பியிருக்கலாமா? கமிஷன் விகிதம் அப்படியே இருக்குமா?

இரண்டும் உங்கள் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-ஆகவும், மளிகைக்கு 5 சதவீதத்திலிருந்து 1-ஆகவும் குறைத்தபோது, அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு வாரமே இருந்தது. கூகுள் 2023 செப்டம்பரில் தன் தேடலில் செய்த மாற்றத்தில் பல சிறு தளங்கள் தம் வருகையாளர்களில் பெரும் பகுதியை இழந்தன. நேர்மையாக எழுதியவர்களும் அவற்றில் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை மூன்று. ஒரே கடையை நம்பாமல், அதே பொருளுக்கு வேறு திட்டங்களிலும் கணக்கு வைத்திருப்பது. அவின், சிஜே, ராகுட்டன் போன்ற நெட்வொர்க்குகளில் ஒரே பதிவில் பல நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். வாசகரின் மின்னஞ்சல் முகவரியைச் சம்மதத்தோடு முதல் நாளிலிருந்தே சேர்ப்பது; இந்தப் பட்டியல் ஒன்றுதான் உண்மையில் உங்கள் சொத்து. மூன்றாவது, வேலையை விடாமல் இருப்பது: இந்த வருமானம் குறைந்தது ஓராண்டு நிலைத்த பிறகே அதை நம்பி முடிவெடுக்க வேண்டும்.

விற்பனை நடந்த எத்தனை நாளில் பணம் கைக்கு வரும்?

பொருள் திருப்பி அனுப்பப்படும் கெடு முடியும்வரை கமிஷன் நிலுவையில் இருக்கும். திரும்பி வந்தால் ரத்தாகும். அமேசானில் ஒரு மாதத்தின் கமிஷன், அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வருகிறது. குறைந்தபட்சத் தொகை சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். வேறு நாட்டு நிறுவனத்திடமிருந்து பெறும்போது வரிப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். சொந்த நாட்டில் இது வருமானமாகக் கணக்கில் வரும் என்பதால், முதல் தொகை வந்த நாளிலிருந்தே கணக்கு எழுதிவைப்பது பிற்பாடு பெருந்தலைவலியைத் தவிர்க்கும்.

பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமா?

கட்டணம் கட்டியே கற்க வேண்டிய இரகசியம் எதுவும் இத்துறையில் இல்லை. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இலவசம், தளத்தின் முகவரியான டொமைனும் ஹோஸ்டிங்கும் மட்டுமே தவிர்க்க முடியாத செலவு. எழுத்தையோ தொழில்நுட்பத்தையோ முறையாகச் சொல்லித்தரும் வகுப்புகள் சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு வகுப்பில் சேர்ந்தவர் சம்பாதிக்கும் முக்கிய வழி, அதே வகுப்பைப் பிறருக்கு விற்பதாக இருந்தால் விலகிவிடுங்கள். இணையத்தில் தொழில் தொடங்கக் கற்றுத்தருவதாகச் சொல்லிப் படிப்படியாகக் கட்டணத்தை உயர்த்திய மோப் என்ற நிறுவனத்தின் மீது 2018-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்தது, மக்களிடமிருந்து 12.5 கோடி டாலருக்கு மேல் பெறப்பட்டது என்பது குற்றச்சாட்டு.

பிற்காலத்தில் தளத்தை விற்க முடியுமா?

முடியும்; அதற்கென ஃப்ளிப்பா போன்ற சந்தைகள் உள்ளன. கடந்த 12 மாதங்களின் சராசரி மாத நிகர லாபத்தை ஓர் எண்ணால் பெருக்கி விலை பேசுவார்கள். வாங்குபவர் கேட்பவை: வருகையாளர் கணக்கைப் பார்க்கும் அனுமதி, கமிஷன் அறிக்கைகள், படங்கள் உங்களுடையவைதான் என்பதற்கான உறுதி. அஃபிலியேட் கணக்கு பொதுவாகத் தளத்தோடு கைமாறாது. புதிய உரிமையாளர் தம் பெயரில் விண்ணப்பித்து, எல்லாப் பக்கங்களிலும் இணைப்புகளை மாற்ற வேண்டும். ஆகவே இணைப்புகளைத் தனித்தனியே கட்டுரைகளுக்குள் சிதறவிடாமல், எது எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற பட்டியலோடு ஓரிடத்திலிருந்து மாற்றும்படி தொடக்கத்திலேயே அமைத்துவிடுவது, விற்கும் எண்ணம் இல்லாதவருக்கும் கமிஷன் திட்டம் ஒன்று திடீரென மூடப்படும் நாளில் கைகொடுக்கும்.